கையைப் பார்க்கிற உத்தியோகம்

முப்பத்துநான்கு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முகம் நன்றாகப் பொய் சொல்லும். சிலர் தூங்குவது போல நடிப்பார்கள். சிலர் நம்மிடமே, "மழை வருமா சார்?" என்று பேச்சுக் கொடுப்பார்கள். கை மட்டும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்வதில்லை. பைக்குள் போன கை வெளியே வராது. வந்தால் நடுங்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே என் மேலதிகாரி சொல்லிக் கொடுத்தது இது: "கையைப் பாரு. மத்ததெல்லாம் கதை."

ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. உத்தியோகம் போனாலும் கண் போகவில்லை. அதனால்தான் என் தம்பியின் வலது கை மூன்று மாதமாகக் கால்சட்டைப் பையிலேயே குடியிருப்பதைக் கவனித்தேன்.

தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன். எங்கள் வீட்டில் அவன் கீழ்த்தளத்தில் மனைவி, மகளோடு இருக்கிறான். நான் மாடியில் தனியாக இருக்கிறேன். என் மனைவி போன பிறகு எனக்குச் சாப்பாடு கீழேதான். ஒரு மணிக்கு நான் இறங்கினால் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். ஞாயிறு மாலை கேரம் ஆடுவோம். ஆட்டம் முடியும்போது இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டிருப்போம். வருஷக்கணக்காக இதுதான் ஒழுங்கு.

அந்த ஒழுங்கு குலைந்தது. நான் இறங்குவதற்குள் அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். கேரத்துக்குக் கூப்பிட்டால் தோள்பட்டை வலி என்றான். புதன்கிழமை தவறாமல் எங்கோ போய் வந்தான். நடை மாறிவிட்டது. வீட்டுக்குள்ளேயே காலடி எண்ணுகிறவன் போலச் சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தான். குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் ஒட்டுக்கேட்க ஆள் இருப்பது போலப் பேசினான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் சொன்ன பழைய நகைச்சுவைக்குக் கூடச் சிரிக்கவில்லை. ஒரு நாள் கடைச் சாமான் பட்டியல் எழுதி மேசையில் வைத்திருந்தான். முத்து முத்தாக எழுதுகிறவன், எறும்பு ஊர்ந்தது போல எழுதியிருந்தான். வரி முடிய முடிய எழுத்து இன்னும் சிறுத்துக்கொண்டே போனது. பிறர் கண்ணில் படக் கூடாது என்று நினைப்பவன்தான் அப்படி எழுதுவான்.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் தம்பி மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை அவள் அலுவலகத்திலேயே வேலை செய்பவர். அவருடைய அப்பா கடிகாரம் பழுதுபார்க்கிறவர், சொந்தக் கடை. இரண்டு குடும்பமும் அந்த ஞாயிறு மதியம் ஓர் உணவகத்தில் சேர்ந்து சாப்பிட்டு, பேசி முடிப்பது என்று ஏற்பாடு. நாளைக் குறித்தவன் நான். எங்கள் வீட்டைப் பற்றி இதுவரை ஒரு சொல் வாசலைத் தாண்டியதில்லை. அந்தக் கடிகாரக்காரர் வாசலில் வந்து நிற்கும் நேரத்தில் தாண்டினால், முறிவது என் தம்பி மகளின் கல்யாணம்.

அந்தச் சொல் திங்கட்கிழமை சலூனில் என் காதில் விழுந்தது.

"தம்பி ஐயா நல்லா இருக்காரா பெரியவரே?" என்று சலூன்காரர் கேட்டார்.

"ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவன் கத்தரியை நிறுத்த மாட்டான். அவர் நிறுத்தியிருந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்தில் துணி கட்டியிருக்கும்போது அதிகாரமாகப் பார்ப்பது கடினம்தான். ஆனாலும் பலித்தது.

"புதன்கிழமை எனக்குக் கடை லீவு இல்லையா? மச்சினன் வீட்டுக்கு, ஊருக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு ஓட்டல்ல, ஜன்னலோரமா உங்க தம்பி உக்காந்திருந்தார். எதிர்ல ஒரு பொம்பளை. முப்பத்தஞ்சு வயசு இருக்கும்."

"உக்காந்தா என்ன? ஓட்டல்னா நாலு பேர் உக்காருவாங்க."

"அதான் நானும் சொல்றேன். நான் தப்பா ஒண்ணும் சொல்லல. அந்தம்மா அவர் கையைப் பிடிச்சிட்டிருந்தாங்க. அவ்வளவுதான்."

"எந்தக் கையை?"

"இதென்ன கேள்வி பெரியவரே? வலது கையை."

சலூன்காரர் மறுபடி கத்தரியை ஓட்டினார். "நான் யார்கிட்டயும் சொல்லல," என்றார். அவர் அப்படிச் சொன்னால் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியும் என்று அர்த்தம்.

அன்று பன்னிரண்டரைக்கே கீழே இறங்கினேன். தம்பி அவசரமாகத் தட்டைத் தள்ளி வைத்தான். மேசையெல்லாம் சோற்றுப் பருக்கை. எனக்குப் பயந்து அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"புதன்கிழமையெல்லாம் எங்கே போறே?"

"ஆஸ்பத்திரிக்குண்ணே. தோள்பட்டைக்கு."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவன் சொன்னான். குரல் எனக்கே பாதிதான் கேட்டது. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன கை நடுங்கியது. அவன் அதை இழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "போயிட்டு வரட்டும் அத்தான். டாக்டர் சொன்னதுதானே?" என்றாள். இந்தப் பெண்ணை எவ்வளவு சுலபமாக ஏமாற்றுகிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை அவனுக்குப் பின்னால் நானும் கிளம்பினேன். அவன் முன்வாசலில் ஏறினான், நான் பின்வாசலில் ஏறினேன். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்ததைப் பார்த்து, "பேப்பரைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். நானே ஒளிய வேண்டி வந்ததே என்று தம்பி மேல் கோபம் கூடியது. ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அவன் இறங்கவில்லை. மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கினான். அந்தச் சின்ன அடிகளோடு, கையைப் பையில் விட்டபடி, உணவகத்துக்குள் நுழைந்தான்.

எதிரே ஒரு செருப்புக் கடை. அங்கே நின்றால் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் ஏற்கெனவே காத்திருந்தாள்.

"என்ன சைஸ் ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பாத்துட்டிருக்கேன்."

"அங்கே பாத்தா எப்படி? செருப்பு இங்கேல்ல இருக்கு."

வேறு வழியில்லாமல் ஒரு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்தேன். நடையெல்லாம் ஜன்னல் பக்கமாகவே. பரிமாறுகிறவர் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் என் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவன் கரண்டியை எடுத்தான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். பாதி வழியில் எல்லாம் சிந்தியது. அவள் சிரிக்கவில்லை. சிந்தியதைத் தட்டிலேயே தள்ளிவிட்டு மறுபடி அவன் முழங்கையை மேசையில் ஊன்றி வைத்தாள். அவன் மறுபடி எடுத்தான். ஒரு குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது. அறுபத்திரண்டு வயதுக் குழந்தை.

புதுச் செருப்போடு நான் தெருவைக் கடந்தேன். "ஐயா, ஐயா" என்று கடைக்காரர் பின்னாலேயே வந்தார். அவரிடம் கடையில் கிடந்த என் பழைய செருப்பை அடமானமாகக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

தட்டில் பச்சைப் பட்டாணி. வேறு ஒன்றும் இல்லை.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். கையை ஒளிக்கப் பார்த்தான். அந்தப் பெண் விடவில்லை.

"நீங்கதான் அண்ணனா?" என்றாள். "உக்காருங்க. உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கார்."

"என்ன சொல்லியிருக்கான்?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

அவள் ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கிறவள். ஆஸ்பத்திரி மேசையில் எல்லாரும் நன்றாகச் சாப்பிடுவார்கள், நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் கை கட்டுப்படாது, அதனால் வாரத்தில் ஒரு நாள் இங்கே அழைத்து வருகிறேன் என்றாள். வியாதியின் பெயரையும் சொன்னாள். நடுக்குவாதம். அதற்கு நடை சுருங்கும், குரல் தாழும், எழுத்துச் சிறுக்கும், முகத்தில் சிரிப்பு வருவது கூடச் சிரமமாகும் என்றாள். நான் என் சந்தேகப் பட்டியலை மனதுக்குள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேண்ணே. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி சிந்தாம ஒரு வேளை சாப்பிட்டுட்டு, அப்புறம் சொல்லணும். சிந்திட்டுச் சொன்னா அது சாக்கு மாதிரி ஆயிடும்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எனக்கு மறுபடி வாசல் ஞாபகம் வந்துவிட்டது. வியாதிக்கார வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் எந்த அம்மா பெண் எடுப்பாள்?

"சொல்ல வேண்டாம்," என்றேன். "கல்யாணம் முடியட்டும்."

"டிக்கெட் எடுக்காம ஏறச் சொல்றீங்களாண்ணே?"

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னேன்: "ஏறு. நான் பக்கத்துல இருக்கேன்."

அவன் சிந்திய பட்டாணியை ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்புக்குத் தள்ளினான். பிறகு, "நீங்க சொன்னா சரி," என்றான். அறுபது வருஷமாக அவன் என்னிடம் சொல்லி வந்த பதில் அது. அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "உனக்கு ஒரு விஷயம் சொல்லணும், பதறாதே."

"வியாதி விஷயமா? எனக்குத் தெரியும் அத்தான். முதல் நாளே தெரியும்."

"பொண்ணுக்கு?"

"அவதான் டாக்டரைக் கண்டுபிடிச்சா."

"அப்ப எனக்கு மட்டும்தான்..."

"உங்களுக்குத் தெரிஞ்சா மூடி வைக்கச் சொல்வீங்கன்னு பயந்தார்." அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள். "சொன்னீங்களா, இல்லையா?"

நான் மாடிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை, விருந்துக்குப் பேசியிருந்த உணவகத்துக்கு நேரில் போய் மறுநாள் சாப்பாட்டை நானே ஏற்பாடு செய்தேன். கரண்டி வேண்டாததாக, கையில் எடுத்துக் கடிப்பதாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். சூப் வேண்டாம் என்றேன். பட்டாணி கண்ணிலேயே படக் கூடாது என்றேன். "உங்களுக்குப் பட்டாணி ஒத்துக்காதா?" என்று மேலாளர் கேட்டார். "எங்க பரம்பரைக்கே ஒத்துக்காது," என்றேன்.

ஞாயிறு மதியம் ஏழு பேரும் ஒரு நீள மேசையில் உட்கார்ந்தோம். தம்பியை எனக்கு வலப் பக்கம், சுவர் ஓரமாக உட்கார வைத்தேன். அவன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். எதிரே கடிகாரக்காரர். ஒல்லியான மனிதர். பேசும்போது கை அசையாது. தண்ணீர் டம்ளரை அவர் வைத்தால் சத்தம் வராது. அப்படிப்பட்டவர் கண்ணில் எதுவும் தப்பாது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவர் மனைவி அதிகம் பேசாமல் எங்கள் உடைகளின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் நான் சொன்னதைக் கொண்டுவரத் தொடங்கினார். கடிகாரக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன, எல்லாம் சிற்றுண்டியாவே இருக்கு? ஒரு சூப் இல்லாம என்ன விருந்து?" என்றார். எனக்குப் பேச இடம் கொடுக்காமல் எல்லாருக்கும் சூப் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

சூப் வந்தது. ஆவி பறந்தது. ஆறு பேர் குடித்தோம்.

"உங்களுக்குச் சூப் பிடிக்காதா?" என்று அவர் மனைவி தம்பியைக் கேட்டார்.

"சூடா இருக்கு. ஆறட்டும்."

சூப் ஆறியது. தம்பி இடது கையால் கரண்டியை எடுத்து இரண்டு வாய் குடித்தான். மூன்றாவது வாய்க்கு இடது கையும் சோர்ந்தது. கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் பட்டுக் கடகடவென்று அடித்தது. கடிகாரக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வலது கை மேசை மேல் இல்லாததைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? நான் முப்பத்துநான்கு வருஷம் சம்பளம் வாங்கிய பார்வை.

அவர் என்னிடம் சாய்ந்து, சிரித்துக்கொண்டே, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க கடைக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்கார். காலையில ஒரு மூடி உள்ளே போனாத்தான் கை நிக்கும். நல்ல மனுஷன். பழக்கம்தான் விட மாட்டேங்குது," என்றார்.

தம்பி மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பி மனைவியும் திறக்கவில்லை. தம்பியும் சேர்ந்து மூவரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் தம்பி, வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாதவன், குடிகாரன் என்ற பேரைக் கேட்டுக்கொண்டு, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் இப்படி நடப்பதுண்டு. குடும்பத்தோடு வருகிறவன் ஒருவனிடம் டிக்கெட் கேட்போம். அவன் விழிப்பான். இல்லை என்று முடிவு கட்டுவோம். கடைசியில் பார்த்தால் எல்லார் டிக்கெட்டும் பெரியவர் ஒருவர் பையில் இருக்கும். அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"அவன் குடிக்கிறதில்ல," என்றேன். "அவனுக்கு நடுக்குவாதம். மூணு மாசமா வைத்தியம் நடக்குது. இன்னிக்கு உங்ககிட்ட அவனே சொல்றேன்னான். நான்தான் வேண்டாம்னு தடுத்தேன். கல்யாணம் முடியட்டும்னு நினைச்சேன். தப்பு என்னோடது."

இந்தக் கடைசி இரண்டு சொற்களையும் நான் ஒரு மேசையில் வைத்துச் சொல்வது அதுவே முதல் தடவை. என் தம்பி தொடைக்கடியிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தான். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கடிகாரக்காரர் சிரிப்பை விழுங்கினார். "மன்னிக்கணும்," என்றார் தம்பியிடம். அவர் மனைவி அப்படி விடவில்லை. நேராகக் கேட்டார்: "பொண்ணுக்கும் வருமா?"

தம்பி மகளே பதில் சொன்னாள். "பெரும்பாலும் வராதுன்னுதான் டாக்டர் சொன்னார் அத்தை. எழுதித் தரச் சொன்னேன். மாட்டேன்னுட்டார்."

"அப்ப யோசிக்கணும்."

"நான் யோசிச்சாச்சும்மா," என்றார் மாப்பிள்ளை. "எனக்கு மூணு மாசமாவே தெரியும்."

கடிகாரக்காரர் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியாதா?"

"எனக்கு நாலு நாள் முன்னாடி தெரியும்," என்றேன். அந்தச் சின்ன மரியாதையையாவது விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"பட்டாணி சொல்லட்டுமா?" என்று என் தம்பி கேட்டான். எதிர்ப் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை. அவன் மேலாளரைக் கூப்பிட்டு ஒரு தட்டுப் பட்டாணி கொண்டுவரச் சொன்னான். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தம்பி முழங்கையை மேசையில் ஊன்றி, ஒரு கரண்டி எடுத்தான். மூன்று பட்டாணி உருண்டு கடிகாரக்காரர் பக்கம் போனது. மிச்சம் வாய்க்குள் போனது. கடிகாரக்காரர் உருண்டு வந்ததை எடுத்து, தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் மனைவி, "அடுத்த ஞாயிறு உங்க வீட்டுக்கு வர்றோம்," என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் வந்த ஐஸ்கிரீமை அவர் தொடவே இல்லை. அதைப் பற்றி நான் கேட்டதற்குத் தம்பி மனைவி, "அவங்களுக்குச் சளி அத்தான்," என்றாள். இருக்கலாம். தம்பி மகள் மட்டும் பஸ் ஏறும் வரைக்கும் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

பஸ்ஸில் நால்வருக்கும் டிக்கெட் எடுத்து வழக்கம் போல என் பையில் வைக்கப் போனேன்.

"என்கிட்ட கொடுங்கண்ணே," என்றான் தம்பி.

கொடுத்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பரிசோதகர் ஏறினார். இளைஞர், சீருடையில் மடிப்புக் கலையவில்லை. எங்களிடம் வந்து நின்றார். தம்பி சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்தான். கை ஆடியது. ஒன்று கீழே விழுந்தது. பரிசோதகரின் கண் டிக்கெட்டுக்குப் போகவில்லை, கைக்குத்தான் போனது. அவர் முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டதைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் நிமிர்த்திக்கொள்வேன்.

பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வியாதிப்பா," என்றான் தம்பி, அந்தத் தாழ்ந்த குரலில். "நாலு டிக்கெட் இருக்கு. எண்ணிப் பாரு."

பரிசோதகர் குனிந்து, விழுந்ததை எடுத்து, நான்கையும் எண்ணினார். சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

"சாயந்திரம் கேரம் ஆடலாமா?" என்று கேட்டேன்.

"காய் எங்கெங்கயோ போகும்."

"உன் காய் எப்ப குழிக்குப் போச்சு?"

அவன் முகத்தில் சிரிப்பு வர வெகு நேரமாயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பாமல் காத்திருந்தேன்.